ஒரே பையில் இரண்டு பேர்

கிராஸ்ஓவர் கதை எதை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிடும். இரண்டு கம்பெனிகளின் சூப்பர்ஹீரோக்கள் ஒரே ஊருக்கு வந்து சேருவார்கள். இவன்தான் கெட்டவன் என்று அவள் நினைப்பாள், அவள்தான் திருடி என்று இவன் நினைப்பான். பத்துப் பக்கத்துக்கு அடிதடி. இவன் மூன்று குத்து விட்டால் அவளும் மூன்று குத்து விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் ரசிகர்கள் கம்பெனியைச் சும்மா விடமாட்டார்கள். அதனால் யாரும் ஜெயிக்கவும் மாட்டார்கள், தோற்கவும் மாட்டார்கள். அப்புறம் உண்மையான வில்லன் வருவான். சண்டையை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வசனம் இருக்காது. அடுத்த கட்டத்தில் முதுகோடு முதுகு சேர்த்து நிற்பார்கள்.

அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் மீதிப் பக்கங்களை நான் பொறுத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் சுத்த வியாபாரம். ஒரு கதையைப் பத்துப் புத்தகமாக வெட்டி, பத்தையும் வாங்கினால்தான் தலையும் காலும் புரியும் என்று கம்பெனிக்காரன் வைத்திருப்பான். எனக்குத் தெரியாத வியாபாரமா? நானே பேக் கார்கானாக்காரர் மகள்.

என் பெயர் கலைச்செல்வி. தாராவியில் என் அப்பா அய்யாத்துரை ஸ்கூல் பேக் தைக்கும் பட்டறை நடத்துகிறார்; இங்கே அதற்குக் கார்கானா என்று பெயர். கீழே மிஷின்கள், மேலே நாங்கள். பேக்கின் முன்பக்கத்தில் வருகிற படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது என் வேலை. பக்கத்துக் கார்கானா ஜெயினுலாப்தீன் மாமாவுடையது. அப்பாவுக்கு நாங்குநேரிப் பக்கம், மாமாவுக்குக் கடையநல்லூர். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அதில் ஒரு கதவு. மாமாவின் மகள் அஸ்ரின் என் வயசுக்காரி. ஒரே ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய காமிக்ஸ் பொறுக்கியதும் ஒன்றாகத்தான்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கார்கானாவுக்கும் ஒரு ஹீரோ. நெஞ்சில் செம்புத் தகடு பதித்த காப்பர்ஹார்ட் எங்களுக்கு. அலைமேல் நடந்து வருகிற கடல்காரி கிரே டைட் மாமாவுக்கு. கடைக்கோடியில் இருப்பவருக்குக் கரடிப் பொம்மை. இந்த ஹீரோக்களைப் படைத்த அமெரிக்கக் கம்பெனிகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் பக்கத்துக்காரரின் ஹீரோவைத் தன் பேக்கில் அடிக்க மட்டும் யாருக்கும் கை வராது. கேட்டால் சிரிப்பார்கள். அமெரிக்காக்காரனிடம் எடுத்தால் அது தொழில், அடுத்த வீட்டுக்காரரிடம் எடுத்தால் அது திருட்டு.

சின்ன வயசிலேயே நான் காப்பர்ஹார்ட் கட்சி, அஸ்ரின் கிரே டைட் கட்சி. பிறந்த வீட்டுப் பாசம்தான், வேறென்ன. இரண்டு பேரில் யார் பலசாலி என்று நாங்கள் போட்ட சண்டையில் அஸ்ரினின் அம்மா ஹபீபா மாமி எத்தனையோ தடவை இரண்டு பேர் தலையிலும் கொட்டியிருக்கிறாள். ஆனால் கிராஸ்ஓவர் என்றால் மட்டும் அஸ்ரினுக்குப் பிடிக்காது.

"முடிஞ்ச பொறகு என்னட்டி மிச்சம்?" என்பாள். "அடுத்த மாசம் அவ புஸ்தகத்துல அவனப் பத்தி ஒரு வார்த்த இருக்கா? சந்திக்கவே இல்லங்குற மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் போயிருதாவ. எனக்கு அந்தக் கடைசிப் பக்கத்தப் பாத்தா அழுகையா வருது."

"சேந்து நின்னாவல்லா. அது போதும்."

"உனக்குப் போதும்," என்பாள். அந்த விஷயத்தில் அவளை என்னால் ஒருநாளும் ஜெயிக்க முடிந்ததில்லை.

பல வருடம் கோர்ட்டில் மோதிக்கொண்டிருந்த அந்த இரண்டு கம்பெனிகளும் திடீரென்று கை கோத்து, காப்பர்ஹார்ட்டையும் கிரே டைட்டையும் ஒரே கதையில் கொண்டுவரப் போவதாக அறிவித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அஸ்ரின்கூட அன்றைக்குச் சிரித்தாள். போனைத் திறந்தால் அதே பேச்சு. ஸ்கூல் திறக்கிற சீசன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மஸ்ஜித் பந்தர் மொத்த வியாபாரி சேட் ஒருவர் நேரே கார்கானாவுக்கே வந்துவிட்டார். ஒரே பேக்கில் இரண்டு பேரும் வேண்டும், எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அப்பா கையை விரித்துவிட்டார். "அது பாய் ஆளுல்லா சேட். நான் எப்படி அடிக்க?"

சேட் பக்கத்துக் கார்கானாவுக்குப் போனார். அங்கே மாமா, "அவன் அண்ணாச்சி ஆளாச்சே, நான் தொடமாட்டேன்," என்றார். சேட் இங்கும் அங்குமாக நடந்து, கடைசியில் சந்தின் நடுவில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நானும் அஸ்ரினும் மேலே ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு நாங்கள்தான் இறங்கிப் போய் இரண்டு அப்பாக்களையும் உட்காரவைத்துப் பேசினோம். அமெரிக்காவில் அத்தனை பெரிய கம்பெனிகளே சேர்ந்துவிட்டன, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டோம். பிரிண்ட் எங்கள் மிஷினில், தையல் மாமா மிஷினில், லாபம் பாதிப் பாதி என்று முடிவானது. எழுத்து கிழுத்து ஒன்றும் கிடையாது. வாய்வார்த்தைதான். எங்கள் பரண் ஒழுகும் என்பதால் தைத்த மால் எல்லாம் மாமாவின் பரணில் ஏறியது.

படத்தை நான் போட்டேன். முதுகோடு முதுகு சேர்த்து இரண்டு பேரும். அஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்து பிராணனை வாங்கினாள். "அவன் அர வெரல் ஒசரமா இருக்கான்ட்டி, கொற," என்பாள். குறைத்தால், "இப்ப அவ கூனுத மாதிரி இருக்கா," என்பாள். முடிந்தபோது நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று எனக்கே தெரிந்தது. அமெரிக்காவில் அச்சடித்தவன்கூட அப்படிப் போட்டிருக்கமாட்டான். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம் இல்லை.

மால் போக வர வசதியாக இருக்கட்டும் என்று நடுவில் இருந்த பிளைவுட் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார்கள். அப்பாவும் மாமாவும் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டார்கள். மாமி கொடுத்துவிட்ட கறிக்குழம்பை அப்பா விரலை நக்கிச் சாப்பிட்டுவிட்டு, "நாம இத முன்னமே செஞ்சிருக்கணும் பாய்," என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நாட்களை நினைக்கும்போதுதான் இப்போது ரொம்ப வலிக்கிறது.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் ரெய்டு வந்தது. அமெரிக்கக் கம்பெனி இங்கே வைத்திருக்கிற வக்கீல் ஒருவர், கையில் எங்கள் பேக்கின் போட்டோ. கூடவே ஒரு இன்ஸ்பெக்டர், நாலைந்து போலீஸ்காரர்கள். யாரோ சரியாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். நேரே மாமாவின் பரணுக்குத்தான் ஏறினார்கள். மேலேயிருந்து மூட்டை மூட்டையாக விழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அப்பா சாய்த்துவைத்திருந்த பிளைவுட் கதவைத் தூக்கினார். நடுத் தடுப்பில் அது முன்பு இருந்த இடத்திலேயே பொருத்தினார். வெட்டுகிற மேஜையை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தார். அவர் அவசரப்படவில்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியும்.

அப்போதுகூட எனக்குப் புத்தி வரவில்லை. மூட்டைகள் தெருவுக்கு வரட்டும் என்று அப்பா நினைக்கிறார், அப்புறம் போய் மாமா பக்கத்தில் நிற்பார் என்றுதான் நினைத்தேன். சந்தில் மாமா இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். அப்பா எங்கள் வாசலில். மாமி முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு படியில் நின்றாள், அவள் தோளைப் பிடித்தபடி அஸ்ரின். உண்மையான வில்லன் வந்துவிட்டான், இப்போது இவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. பார்க்கவும் பார்த்தார்கள். மாமா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

"பார்ட்னர் கோன் ஹை?" என்றார் இன்ஸ்பெக்டர். கூட்டாளி யார், பிரிண்ட் மிஷின் இங்கே இல்லையே, அடித்தது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிறகு அப்பா பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமா என்றார்.

"மாலூம் நஹீ சாப்," என்றார் அப்பா. "பாஜுவாலா ஹை, பஸ்."

எனக்குத் தெரியாது, பக்கத்துக்காரர், அவ்வளவுதான். எத்தனை வருடப் பழக்கம் அந்த 'பஸ்'ஸில் முடிந்துபோனது! இன்ஸ்பெக்டர் மறுபடி மாமாவிடம் திரும்பினார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் ஓடிப்போய் நடுவில் நின்றுவிட்டேன்.

படம் நான் போட்டது, பிரிண்ட் அடித்தது எங்கள் மிஷினில், மாலில் பாதி எங்களுடையது என்று சந்துக்கே கேட்கிற மாதிரி ஹிந்தியில் கத்தினேன். எனக்குப் பயம்தான், ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது; பொய் சொல்லமாட்டேன். அப்பா செய்யாததை நான் செய்கிறேன் என்ற சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் மாமாவைக் கேட்டார்: இந்தப் பெண் சொல்வது நிஜமா?

மாமா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, நிதானமாக ஹிந்தியில் சொன்னார். எல்லாம் தன்னுடையது, பிரிண்ட் வெளியில் எங்கோ கொடுத்து அடித்தது, இந்தப் பெண் தன் மகளின் தோழி, பாசத்தில் உளறுகிறாள், இவளுக்கு ஒன்றும் தெரியாது.

"பேட்டி, கர் ஜாவ்," என்று இன்ஸ்பெக்டர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள். மூட்டைகளும் மிஷின்களும் டெம்போவில் ஏறின.

வீட்டுக்குள் வந்ததும் அப்பாவை நான் பேசாத பேச்சு இல்லை. அவர் காதில் விழாத மாதிரி மேஜையைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். கடைசியில் உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"ரெண்டு பேரும் உள்ள போய் உக்காந்துட்டா வெளிய எடுக்க யாருட்டி இருக்கா? நான் வெளிய இருந்தாத்தான் பாய எடுக்க முடியும். கொஞ்சம் யோசி."

யோசித்தேன். நியாயமாகத்தான் பட்டது. நான் படித்த கதைகளிலும் அப்படி வருவதுண்டு. ஒருவர் சிறையில் மாட்டிக்கொள்வார், மற்றவர் தப்பித்த மாதிரி நடித்து ஆள் திரட்டிக்கொண்டு வருவார். அப்பாவைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அன்றைக்கு அவருக்கு டீ போட்டுக் கொடுத்து மன்னிப்புகூடக் கேட்டேன். எப்படிப்பட்ட முட்டாள் பாருங்கள்.

முதலில், செம்பூரில் தெரிந்த வக்கீல் போன் எடுக்கவில்லை என்றார் அப்பா. பிறகு அவர் ஊரில் இல்லை என்றார். பிறகு இன்றைக்கு டெலிவரி இருக்கிறது என்றார். நான் விடவில்லை. நீங்கள் போய்ப் பாதி என்னுடையது என்று சொல்லுங்கள், மாமா மேல் இருக்கிற பாரம் குறையும், உள்ளே போனால் இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வரலாம் என்று கெஞ்சினேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தும் பார்த்தேன்.

"ஒனக்கு நாளைக்குக் கல்யாணம் ஆவணுமா வேண்டாமா?" என்று கத்தினார் அப்பா. "அப்பன் ஜெயிலுக்குப் போனவன்னு தெரிஞ்சா எவன்ட்டி வருவான்? சீசன் முடியட்டும். பொறகு பாப்போம்."

சீசன் முடியட்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் ஆள் திரட்டவில்லை. அவர் தப்பித்த மாதிரி நடிக்கவும் இல்லை. தப்பித்தேவிட்டார். அதன் பிறகு அவரிடம் சண்டை போடவும் என்னிடம் சத்து இல்லை. சாயங்காலம் மாமி வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். மாமி முகம் கோணாமல் வாங்கிக்கொள்வாள். அஸ்ரின் உள்ளறையை விட்டு வரமாட்டாள். நான் அனுப்பிய மெசேஜ்கள் எல்லாவற்றிலும் நீலக் குறி விழுந்தது, பதில் ஒன்றுக்கும் வரவில்லை.

மாமாவைக் கடைசியில் ஜாமீனில் எடுத்தது தாணேயில் பேக் கடை வைத்திருக்கிற மாமியின் தம்பி நசீர். திரும்பி வந்த மாமா மெலிந்திருந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது நின்று, "நல்லா இருக்கியளா அண்ணாச்சி?" என்றார்.

"வாங்க பாய்," என்றார் அப்பா.

அவ்வளவுதான். ஒரு ஏச்சு இல்லை, ஒரு கேள்வி இல்லை. மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் எனக்கு எத்தனையோ ஆறுதலாக இருந்திருக்கும். மிஷின்கள் எல்லாம் ஸ்டேஷனில் கிடந்தன. போலீஸ் வந்த இடம் என்று கட்டடத்தின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். நசீரின் கடையில் மாமா சம்பளத்துக்கு வேலை பார்ப்பதாக முடிவாகி, குடும்பமே தாணேக்குக் கிளம்பியது.

அவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில்தான் அப்பா என்னிடம் வந்து கேட்டார். "அந்தக் கடல்காரி படத்த மட்டும் தனியா ஒண்ணு போட்டுக் குடு. பாய்தான் இனிமே அடிக்கப் போறதில்லையே. பார்ட்டி கேக்குதான். ரெய்டு வந்த சந்துக்கு ஒடனே திரும்ப வரமாட்டான்."

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். அவர் கோபப்படவில்லை. லேபர் கேம்ப் ஏரியாவில் படம் போடுகிற ஒரு பையன் இருக்கிறான், அவனிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். நான் மறுத்ததால் கிரே டைட் எங்கள் பேக்கில் வருவது நின்றுவிடப் போவதில்லை. நான் என்ன செய்தாலும் இந்த உலகத்தில் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. டெம்போவில் பாத்திர மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாய் போட்டு அஸ்ரின் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். மாமாவும் மாமியும் வீட்டுக்குள்ளே இருந்தார்கள். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஏட்டி, நான் சொன்னேம்லா," என்றேன். "எல்லாரு முன்னாடியும் சொன்னேம்லா, பாதி எங்களதுன்னு."

"சொன்ன."

"எங்கப்பா பண்ணுனதுக்கு என்கிட்ட ஏன் பேசமாட்டேங்க? நான் உங்க பக்கம்தான நின்னேன்?"

அவள் முடிச்சை இறுக்கினாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"இன்ஸ்பெக்டர் பார்ட்னர் யாருன்னு கேட்டான்லா, அப்ப வாப்பா வாயத் தொறந்துட்டாவ. உங்கப்பா பேரச் சொல்லத்தான் போனாவ. உங்கப்பா மூஞ்சியப் பாத்ததுமே வாப்பாக்கு வெளங்கிட்டு. நாம ஒத்தையில சாவ வேண்டாம், உள்ளதச் சொல்லிருவோம்னு நெனச்சிட்டாவ. அந்த நேரத்துலதான் நீ வந்து நின்ன."

எனக்குப் புரியவில்லை. "நானும் அதத்தானட்டி சொன்னேன்?"

"படம் நான் போட்டேன்னு சொன்னியே. வாப்பா ஆமான்னு தலைய ஆட்டிருந்தா உன்னையும்லா வண்டில ஏத்திருப்பான்? கொமரிப்புள்ளய ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டு என் மகளுக்கு நான் எப்படி மூஞ்சியக் காட்டன்னு வாப்பா கேக்குதாவ. பிரிண்ட் உங்களதுன்னு சொன்னா படமும் உங்களது. உங்கப்பாவ மாட்டிவிட்டா நீயும் மாட்டுவ. அதான் எல்லாத்தையும் தன் தலையிலயே போட்டுக்கிட்டாவ."

கயிறு என் கையிலிருந்து நழுவியது. அவள் அதை எடுத்து டெம்போவின் கொக்கியில் மாட்டினாள்.

"நீ அன்னைக்கு வீட்டுக்குள்ளயே இருந்திருக்கலாம் செல்வி," என்றாள்.

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.